சிவப்பு எரியுது, வெள்ளை எரியல: கோயில் ரதத்து வேல் பலகையும் ரெசிஸ்டர் கணக்கும்

தம்பி, உங்க கேள்விய மொதல்ல நானே ஒரு தடவ சொல்லிடறேன், அப்பத்தான் படிக்கிற மத்தவங்களுக்கும் வெளங்கும். தோட்டத்து சுப்பிரமணியர் கோயில் ரதத்துக்கு முன்னாடி வைக்க வேல் வடிவத்துல பலகை ஒண்ணு செஞ்சிருக்கீங்க. உள்ளுக்கு 24 சிவப்பு எல்இடி, ஓரத்துல 24 வெள்ளை எல்இடி, எல்லாமே 5 மில்லிமீட்டர் சாதா சைஸ். நீளக் கால் (பிளஸ்) 48ஐயும் ஒரு வயர்ல, குட்டைக் கால் (மைனஸ்) 48ஐயும் இன்னொரு வயர்ல சேத்து, 12 வோல்ட் பேட்டரியில ஒரே ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு குடுத்தீங்க. சிவப்பு மட்டும் மங்கலா எரிஞ்சுது, வெள்ளை ஒண்ணு கூட எரியல, ரெசிஸ்டர் தொட முடியாத சூடு. கரண்ட்டு பத்தலன்னு நெனச்சு 10 ஓம் மாத்துனீங்க, அது பொகஞ்சு கருகிருச்சு, சிவப்புல அஞ்சு செத்துப்போச்சு. இப்ப "வெள்ளை எல்லாம் போலி சாமான், கடைக்காரர் ஏமாத்திட்டாரு"ன்னு சொல்றீங்க.

கடைக்காரர் மேல தப்பு இல்ல தம்பி. உங்க 24 வெள்ளையும் நல்லாத்தான் இருக்கும்னு நான் பாக்காமலே சொல்வேன், ஏன்னா இப்படி கட்டுனா எந்த ஊர்ல வாங்குன வெள்ளையும் எரியாது. நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துல செம்பனை எண்ணெய் மில்லுல முப்பது வருஷம் வயர்மேனா, அப்புறம் கரண்ட்டு வேலைக்கு பொறுப்பான சார்ஜ்மேனா வேல பாத்தவன். கோயில் லைட்டு, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) லைட்டு, தீபாவளி லைட்டுன்னு யார் கொண்டாந்தாலும் நெறைய தடவ இதே கோளாறுதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

சாதா குண்டு பல்ப எப்படி பாக்கறோமோ அப்படியே எல்இடியையும் பாக்கறதுலதான் தப்பு ஆரம்பிக்குது. குண்டு பல்புக்குள்ள இருக்கறது ஒரு கம்பி, 12 வோல்ட்டுக்குன்னு செஞ்சிருந்தா 12 வோல்ட்ல வேணுங்கற கரண்ட்ட மட்டும்தான் எடுக்கும், கூட எடுக்காது. எல்இடி அப்படி இல்ல, அது ஒரு டயோட். ஒரு குறிப்பிட்ட வோல்ட் வர்ற வரைக்கும் கதவ சாத்திகிட்டு ஒண்ணுமே எடுக்காது, அந்த வோல்ட்ட தாண்டிட்டா கதவு அப்படியே தொறந்துக்கும், அதுக்கு மேல கால் வோல்ட் கூட்டுனாலே கரண்ட்டு பல மடங்கு ஏறிரும். அதனால எல்இடிக்கு நம்ம வோல்ட் குடுக்கறதில்ல, கரண்ட்ட அளந்து குடுக்கறோம். அளந்து குடுக்கற வேலதான் ரெசிஸ்டரோட வேல. 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு பொதுவா 20 மில்லி ஆம்ப்தான் உச்சம், 10ல இருந்து 15க்குள்ள ஓட்டுனா வருஷக்கணக்குல நிக்கும். 20க்கும் 10க்கும் வெளிச்சம் பாதிக்குப் பாதி கொறஞ்ச மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியாது, பக்கத்துல வச்சுப் பாத்தா லேசா வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த கதவு எத்தன வோல்ட்ல தொறக்கும்ங்கறது கலர பொறுத்தது. சிவப்புக்கு 1.8ல இருந்து 2.2 வரைக்கும், 2ன்னு வச்சுக்கலாம். வெள்ளைக்கு 3ல இருந்து 3.4, நான் 3.2ன்னு கணக்குப் போடுவேன். ஏன் இந்த வித்தியாசம்னா, வெள்ளை எல்இடின்னு தனியா ஒண்ணு கெடையாது, உள்ளுக்கு இருக்கறது நீல சிப்பு, அது மேல மஞ்சளா ஒரு பாஸ்பர் பூச்சு, நீலமும் மஞ்சளும் சேந்து கண்ணுக்கு வெள்ளையா தெரியுது. எரியாதப்போ மூடிக்குள்ள உத்துப் பாருங்க, மஞ்சளா ஒரு பொட்டு தெரியும். நீல வெளிச்சத்துக்கு சிவப்ப விட சக்தி அதிகமா வேணும், அதனால வோல்ட்டும் கூட வேணும். சிவப்ப 1962லயே அமெரிக்காவுல நிக் ஹோலோனியாக் செஞ்சு காட்டிட்டாரு, ஆனா நல்லா எரியற நீலம் 1990கள் வரைக்கும் கைக்கு வரல, அத சாதிச்ச இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் பரிசு குடுத்தாங்க. நான் மில்லுல சேந்தப்போ பேனல்ல சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்இடிதான் இருக்கும், நீலமும் வெள்ளையும் அப்புறம்தான் வந்துச்சு.

இப்ப உங்க பலகைக்கு வாங்க. சிவப்பும் வெள்ளையும் பக்கத்துல பக்கத்துல ஒரே ரெண்டு வயர் மேல ஒக்காந்திருக்கு. கரண்ட்ட போட்டதும் வயர்ல வோல்ட் ஏறுது, 2 கிட்ட வந்ததும் 24 சிவப்பும் கதவ தொறந்து வர்ற கரண்ட்ட எல்லாம் குடிச்சிருது. அதுக்கு மேல வோல்ட் ஏறவே ஏறாது, ஏன்னா மிச்ச பத்தரை வோல்ட்டும் ரெசிஸ்டர் மேல விழுந்துருது. வெள்ளைக்கு 3 வேணும், அதுக்கு கெடைக்கறது 2. எப்படி எரியும்? மல்டிமீட்டர எடுத்து அந்த ரெண்டு வயர் மேல வச்சிருந்தீங்கன்னா 1.9 இல்ல 2ன்னு காட்டியிருக்கும், அந்த ஒரு நம்பரே முழு கதையையும் சொல்லியிருக்கும்.

ரெசிஸ்டர் சூடும் அதே கணக்குதான். பேட்டரி 12.6, சிவப்பு 2, மிச்சம் 10.6, அத 100 ஓமால வகுத்தா 106 மில்லி ஆம்ப். 106ஐ 24 சிவப்புக்கு பங்கு போட்டா ஆளுக்கு நாலரை மில்லி ஆம்ப் கூட வரல, அதான் மங்கல். ரெசிஸ்டர்ல எரியற வாட்ஸ் 10.6 பெருக்கல் 0.106, 1.1 வாட்ட ஒட்டி வருது. நம்ம கடையில வாங்கற சின்ன ரெசிஸ்டர் கால் வாட் தாங்கும். 10 ஓம் போட்டப்போ கரண்ட்டு ஒரு ஆம்புக்குப் பக்கம் போயிருக்கும், ரெசிஸ்டர் மேல பத்து வாட், கருகாம என்ன செய்யும், சிவப்புக்கு சராசரி 40 மில்லி ஆம்ப்க்கு மேல போயிருக்கு. அதுலயும் எல்லாத்துக்கும் சமமா போகாது. ஒரே பாக்கெட்ல வந்த சிவப்புன்னாலும் ஒண்ணு 1.95ல தொறக்கும் ஒண்ணு 2.05ல தொறக்கும், சீக்கிரம் தொறக்கறது கூட கரண்ட்ட இழுத்து சூடாகும், சூடானா அதோட வோல்ட் இன்னும் எறங்கும், எறங்குனா இன்னும் கூட இழுக்கும். அப்படித்தான் அந்த அஞ்சு செத்துச்சு, ரெசிஸ்டர் மொதல்ல கருகி லைன் அந்துபோனதாலதான் மிச்ச 19ம் தப்பிச்சுது.

அதனால பேரலல்ல, அதாவது ஒரே ரெண்டு வயர் மேல பக்கத்துல பக்கத்துல, போடற ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேணும், கலர கலக்கவே கூடாது. இத நான் சொல்லித்தான் நம்பணும்னு இல்ல, பசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) விக்கற 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒண்ண கையில எடுத்துப் பாருங்க, மூணு மூணு எல்இடியா பிரிச்சு, ஒவ்வொரு மூணுக்கும் தனியா குட்டியா கறுப்பா ரெசிஸ்டர் ஒக்காந்திருக்கும், நெறைய ஸ்ட்ரிப்ல அது மேல 151ன்னு போட்டிருக்கும், அது 150 ஓம். கத்திரி படம் போட்ட எடத்துல வெட்டலாம்னு சொல்றது அந்த மூணு மூணு கூட்டத்துக்கு நடுவுலதான்.

எத்தனைய சீரிஸ்ல கோக்கறதுங்கறதுதான் ருசியான எடம், இங்கதான் நெறைய பேரு வழுக்கறாங்க. சீரிஸ்ன்னா ஒண்ணோட குட்டைக் கால் அடுத்ததோட நீளக் கால்ல, பூ கட்டற மாதிரி வரிசையா. ஒரே கரண்ட்டு எல்லாத்துலயும் ஓடும், அதனால பேட்டரி மிச்சம். 12 வோல்ட்டுக்கு மூணு வெள்ளை போடலாம், மூணு தடவ 3.2ன்னா 9.6, மிச்சம் 2.4, 20 மில்லி ஆம்ப் வேணும்னா 120 ஓம். பேப்பர்ல ரொம்ப அழகா வரும். நானும் ஒரு வருஷம் எங்க கோயில் ரதத்துக்கு அப்படியே போட்டேன், வெள்ளை மட்டும் 90 எல்இடி. வீட்டு மேசையில பேட்டரி வச்சு ரெண்டு ராத்திரி எரிய விட்டுப் பாத்தேன், ஒரு கொறையும் இல்ல. திருவிழா அன்னிக்கு ரதத்த டிராக்டர்ல பூட்டி, டிராக்டர் பேட்டரியில இருந்தே வயர் எடுத்தோம். கடத்தெருவ தாண்டறதுக்குள்ள மேல் வரிசை மூணு மூணா நீலம் அடிக்க ஆரம்பிச்சு, லயத்துக்குத் திரும்பறதுக்குள்ள பாதி இருட்டு. அந்த நேரத்துல சனம் எல்லாம் தேங்காய் ஒடைக்க நிக்குது, சாமி முகத்துல வெளிச்சம் இல்ல, அன்னிக்கு எனக்கு வந்த வேதனைய இன்னிக்கும் மறக்கல.

மறுநாள் டிராக்டர ஸ்டார்ட் பண்ணிட்டு மீட்டர வச்சேன், 14.2 வோல்ட். இன்ஜின் ஓடறப்போ ஆல்டர்னேட்டர் பேட்டரிய சார்ஜ் பண்ணும், அதுக்கு 13.8ல இருந்து 14.4 வரைக்கும் குடுக்கும், காரு டிராக்டர் எதுவா இருந்தாலும் அப்படித்தான். 14.2ல இருந்து 9.6 போனா மிச்சம் 4.6, அத 120ஆல வகுங்க, 38 மில்லி ஆம்ப். பேட்டரி வோல்ட் ரெண்டே ரெண்டுதான் ஏறுச்சு, கரண்ட்டு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருச்சு. மோட்டர் சைக்கிள்லயும் லோரியிலயும் ஒட்டுன எல்இடி ஸ்ட்ரிப் ஒரு வருஷத்துல மூணு மூணா மினுக்கி மினுக்கி அணைஞ்சு போறத பாத்திருப்பீங்க, அதுக்கும் பெரும்பாலும் இதான் காரணம், அது சரியா 12 வோல்ட்டுக்குன்னு செஞ்ச சாமான், நம்ம குடுக்கறது 14.

இதுல இருந்து நான் புடிச்ச கணக்கு என்னன்னா, எல்இடிங்க சேந்து எவ்வளவு வோல்ட் எடுக்குதோ அத பேட்டரிக்கு ரொம்ப ஒட்டி கொண்டு போகக் கூடாது, மூணுல ஒரு பங்காவது ரெசிஸ்டர் மேல விழணும், விழுந்தாத்தான் பேட்டரி ஏறி எறங்கறப்போ ரெசிஸ்டர் அத வாங்கிக்கும், எல்இடிக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் சக்தி வீணாகும்தான், ஆனா ராத்திரி பூரா நிம்மதி.

உங்க பலகைக்கு நான் சொல்ற வழி இது. வெள்ளைய ரெண்டு ரெண்டா கோருங்க, 12 வரிசை வரும். சிவப்ப நாலு நாலா கோருங்க, 6 வரிசை வரும் (செத்துப்போன அஞ்சுக்கு புதுசு வாங்கணும், மிச்ச 19லயும் கலர் மங்குனது இருந்தா மாத்திருங்க, அன்னிக்கு அதுங்களும் அடி வாங்கியிருக்கும்). 18 வரிசைக்கும் ஒரே அளவு ரெசிஸ்டர், 470 ஓம், கால் வாட். ஒரே அளவா இருந்தா மாத்திப் போட்டுருவோமோங்கற பயமே இல்ல. வெள்ளை வரிசைக்கு கணக்கு பாருங்க: 12.6ல 6.4 போக 6.2, 470ஆல வகுத்தா 13 மில்லி ஆம்ப். டிராக்டர் ஓடி 14.2 ஆனா 7.8, அப்ப 16.6. ராத்திரி முடியறப்போ பேட்டரி 11.8க்கு எறங்குனாலும் 11.5 இருக்கும். பாத்தீங்களா, எங்க போனாலும் 20 தாண்டல, 10க்கு கீழயும் போகல. சிவப்பு வரிசை நாலு தடவ 2, ஆக 8, மிச்சம் 4.6, கரண்ட்டு 9.8, டிராக்டர் ஓடுனா 13. எல்லாம் சேத்து பேட்டரியில இருந்து போறது 215 மில்லி ஆம்ப் போல, கால் ஆம்ப் கூட இல்ல. ஆட்டோ கேட்டுக்கு (தானா தொறக்கற வீட்டு கேட்டுக்கு) போடற 12 வோல்ட் 7 ஆம்ப் ஹவர் பேட்டரி இருந்தா, அதுல பாதிய மட்டும் எடுத்தாலும் 16 மணி நேரம் ஓடும். பாதிக்கு மேல எறக்காதீங்க, அந்த ஈயப் பேட்டரி முழுசா காலியாக காலியாக ஆயுசு கொறையும். ரெசிஸ்டர் சூடு அதிகபட்சம் 0.13 வாட், கால் வாட்டுக்கு பாதிதான்.

470 வாங்கறப்போ கலர் கோட்ட பாத்து வாங்குங்க, மஞ்சள், ஊதா, பழுப்பு, கடைசியில தங்கம். மூணாவது கோடு கறுப்பா இருந்தா 47 ஓம், சிவப்பா இருந்தா 4700. கடை டியூப் லைட்டுல பழுப்பும் சிவப்பும் ஒண்ணா தெரியும், என் கண்ணுக்கு இப்ப சுத்தமா தெரியல, அதனால ஒவ்வொண்ணையும் மீட்டர்ல வச்சுப் பாத்துட்டுத்தான் போடறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. 460, 475ன்னு காட்டுனா கவலை வேணாம், அஞ்சு சதவீதம் முன்ன பின்ன இருக்கும்.

எல்இடிய கட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிருங்க. பழைய போன் சார்ஜர் வயர் ஒண்ண வெட்டி, சிவப்பு வயர்ல 330 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, ரெண்டு நுனியிலயும் முதலை கிளிப்பு, அவ்வளவுதான் டெஸ்டர். யூஎஸ்பி 5 வோல்ட், வெள்ளைக்கு 5 மில்லி ஆம்ப் போகும், சிவப்புக்கு 9, நல்லா தெரியும். தப்பா திருப்பி மாட்டுனாலும் பயம் இல்ல, ஏன்னா எல்இடி தலைகீழா தாங்கறது பொதுவா 5 வோல்ட் வரைக்கும்தான், இதுல 5க்கு மேல வராது. பேட்டரி 12 வோல்ட்ட நேரா வச்சு டெஸ்ட் பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். இன்னொண்ணு, மீட்டர்ல டயோட் மோட் வச்சு வெள்ளைய தொட்டா சில மீட்டர் ஓஎல்ன்னு (OL, அளவு தாண்டிருச்சுன்னு அர்த்தம்) காட்டும், ஒடனே செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுராதீங்க, அந்த மீட்டர்ல இருந்து வர்ற வோல்ட்டே 3க்கு கொறச்சலா இருக்கும், வெள்ளைய தொறக்க அதுக்கு தெம்பு இல்ல. சிவப்புன்னா 1.7, 1.8ன்னு காட்டி லேசா எரியும். டெஸ்டர்ல எரியறப்போ எல்இடி ரெண்டு காலுக்கும் நடுவுல வோல்ட்ட அளந்து எழுதிக்குங்க, நான் 3.2ன்னு சொன்னது பொதுக்கணக்கு, உங்க பாக்கெட்டுக்கு 3.0 வந்தா அதுதான் உங்க நம்பர்.

சிலர் கேப்பாங்க, வாட்ச்ல போடற மாதிரி காசு பேட்டரி, அந்த சிஆர்2032, அதுல ரெசிஸ்டர் இல்லாமயே எல்இடி எரியுதேன்னு. அந்த பேட்டரி உள்ளுக்குள்ளயே ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதால அதிக கரண்ட்டு குடுக்கவே முடியாது, அதான் எல்இடி பொழச்சுகிட்டு இருக்கு. ஈயப் பேட்டரி அப்படி கெடையாது, கேட்டா கேட்ட அளவு கொட்டும், ஸ்பேனர் ஒண்ணு ரெண்டு முனையிலயும் பட்டா சிவந்து போற அளவு கொட்டும். அதனால பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்துலயே 1 ஆம்ப் ஃபியூஸ் கண்டிப்பா போடுங்க, பலகைகிட்ட இல்ல, பேட்டரிகிட்ட, ஏன்னா வயர் நசுங்கி ஷாட் (ஷார்ட் சர்க்யூட்) ஆகறது நடுவுலதான். ரதத்த சுத்தி துணியும் கற்பூரமும் இருக்கற எடம், இதுல மட்டும் அலட்சியம் வேணாம். பிளக்கும் ரெண்டு பக்கமும் நுழையற மாதிரி இல்லாம ஒரு பக்கமா மட்டும் நுழையறதா பாத்து வாங்குங்க, இருட்டுல அவசரத்துல யாரோ ஒருத்தர் திருப்பி மாட்டத்தான் செய்வாரு.

டிராக்டருக்குப் பதிலா லோரி வந்தா ரொம்ப கவனம். பெரிய லோரிங்க நெறைய 24 வோல்ட், ரெண்டு பேட்டரி சீரிஸ்ல இருக்கும், இன்ஜின் ஓடுனா 28. உங்க வெள்ளை வரிசையில 46 மில்லி ஆம்ப் போகும், ரெசிஸ்டர் மேல ஒரு வாட். வயர் மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர வச்சு 12தானான்னு பாத்துட்டு மாட்டுங்க, இல்லன்னா ஆட்டோ கேட் பேட்டரிய ரதத்துல தனியா வச்சுக்கறது இன்னும் நல்லது, நான் இப்ப அப்படித்தான் செய்யறேன்.

ஈயம் வைக்கற (சால்டரிங்) விஷயத்துல ஒண்ணு சொல்லணும். எங்க அக்கா 1978ல தோட்டத்த விட்டு பினாங்குக்கு வேலைக்குப் போச்சு, 1972ல இருந்தே பாயான் லெப்பாஸ்ல எலக்ட்ரானிக் ஃபேக்டரிங்க வர ஆரம்பிச்சு, நம்ம தோட்டத்துப் பொண்ணுங்க எத்தனையோ பேரு அங்க போனாங்க. அக்கா வேல பாத்தது எல்இடி லைன்ல, மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சு, சிப்புல இருந்து காலுக்கு தங்கக் கம்பி ஒட்டற வேல, தலமுடிய விட மெலிசான கம்பி. லீவுக்கு வர்றப்போ எங்களுக்கு ஒரு எல்இடிய வெளிச்சத்துல தூக்கிக் காட்டி "உள்ள பாருடா, அந்த நூல் மாதிரி தெரியுதே, அதத்தான் நான் ஒட்டறேன்"னு சொல்லும். அந்த நூலத்தான் நம்ம ஈயம் வைக்கறப்போ கொல்றோம். காலுல அஞ்சாறு செகண்டு சூட்டுக்கோல வச்சுகிட்டே இருந்தா சூடு மேல ஏறி, சுத்தி இருக்கற பிளாஸ்டிக் எளகி, அந்த நேரத்துல கால லேசா அசைச்சாலும் உள்ளுக்கு கம்பி பிச்சுக்கும். அப்புறம் அந்த எல்இடி குளிர்ந்திருந்தா எரியும், சூடானா அணையும், தட்டுனா எரியும், கோளாறு கண்டுபுடிக்கறவன் உயிர எடுத்துரும். அதனால ஒரு காலுக்கு ரெண்டு மூணு செகண்டு, அதுக்குள்ள ஒட்டலன்னா எடுத்துட்டு ஆற விட்டு மறுபடி வைங்க. கால வளைக்கறப்போ மூடிய ஒட்டி வளைக்காதீங்க, மூணு மில்லிமீட்டர் தள்ளி, இடுக்கியில கால புடிச்சுகிட்டு வளைங்க.

ரதம் ரோட்டுல குலுங்கும், அதனால ஒவ்வொரு எல்இடிக்கும் பின்னாடி ஹாட் க்ளூ ஒரு பொட்டு வைங்க. மழை, பால், பன்னீர், மஞ்சத்தண்ணி எல்லாம் படும், ஜாயிண்ட்டு திறந்து கெடந்தா அடுத்த வருஷம் பச்சை பூத்து நிக்கும். சிலிக்கான் பூசறதா இருந்தா வினிகர் வாடை அடிக்கற வகை வேணாம், அதுல இருந்து வர்ற அமிலம் செம்பு வயர அரிக்கும், வாடை இல்லாத நியூட்ரல் வகைன்னு கேட்டு வாங்குங்க.

கட்டுனதுக்கப்புறம் எரியலன்னா எங்க பாக்கறதுங்கறது அடுத்து. நெறைய பேரு மீட்டர ஆம்ப்ல வச்சு வயர கழட்டி நடுவுல மாட்டி அளக்கறாங்க, தேவையே இல்ல, ஆபத்தும் கூட, அளந்து முடிச்சு மீட்டர் வயர 10 ஆம்ப் ஓட்டையிலயே மறந்து விட்டுட்டு அடுத்து பேட்டரி வோல்ட்ட அளக்கப் போனா அது நேரா ஷாட். நான் எப்பவும் ரெசிஸ்டர் மேலதான் மீட்டர வைப்பேன், வோல்ட் மோட்ல, எதையும் கழட்டாம. ரெசிஸ்டரோட ரெண்டு பக்கமும் வர்ற வோல்ட்ட 470ஆல வகுத்தா அந்த வரிசையில ஓடற கரண்ட்டு தானா வந்துரும். நல்லா இருக்கற வெள்ளை வரிசைன்னா 6 வோல்ட்ட ஒட்டி வரும், சிவப்புன்னா நாலரைய ஒட்டி வரும்.

ஒரு வரிசை மட்டும் இருட்டா இருந்து ரெசிஸ்டர் மேல 0 வந்தா கரண்ட்டு ஓடல, எங்கயோ அந்துருக்கு, இல்லன்னா ஒரு எல்இடி தலைகீழா இருக்கு. அந்த வரிசையில இருக்கற எல்இடிங்க மேல ஒவ்வொண்ணா வைங்க, எதுல பத்து வோல்ட்டு போல பெருசா காட்டுதோ அதுதான் குத்தவாளி, கால் மாறியிருக்கான்னு மொதல்ல பாருங்க, மூடியில தட்டையா வெட்டுன பக்கம் மைனஸ், காலை வெட்டிட்டா நீளம் குட்டை தெரியாது, இந்த தட்டைதான் தொணை. எல்லாத்துலயும் ஒண்ணுமே காட்டலன்னா அந்த வரிசைக்கு பேட்டரியே வந்து சேரல, இல்ல ரெசிஸ்டரோ ஜாயிண்ட்டோ அந்துருக்கு. ஒரு வரிசையில ஒண்ணு மட்டும் இருட்டு, மத்தது வழக்கத்த விட பளிச்சுன்னு இருந்தா, அந்த இருட்டு எல்இடி உள்ளுக்குள்ள ஷாட் ஆயிருச்சு, அது மேல 0 காட்டும். வெள்ளையில அப்படி ஆனாலும் மிச்சம் இருக்கற ஒண்ணுல 20 மில்லி ஆம்ப்தான் போகும், திருவிழா முடியற வரைக்கும் தாங்கிரும், 470 போட்டதோட பலன் அங்கயும் இருக்கு.

எல்லாமே மங்கலா இருந்தா பலகையில எதையும் தொடாதீங்க, பேட்டரி முனையில ஒரு தடவ, பலகைக்குள்ள வயர் நுழையற எடத்துல ஒரு தடவ அளங்க. அங்க 12.4, இங்க 10ன்னு வந்தா நடுவுல ஏதோ ஜாயிண்ட்டு கெட்டுருக்கு, அனேகமா முறுக்கி மட்டும் விட்டு டேப் சுத்துன ஜாயிண்ட்டா இருக்கும், இல்ல ஃபியூஸ் புடிக்கற கிளிப்பு துரு ஏறியிருக்கும்.

தீபாவளி லைட்டு மாதிரி வீட்டு 230 வோல்ட்ல நேரா மாட்டற சரத்துக்கு இந்த கணக்க கொண்டு போகாதீங்க, அத திறந்து ரெசிஸ்டர் மாத்தறேன்னு எறங்கவும் வேணாம், கெட்டா புதுசு வாங்குங்க. நான் சொன்னது எல்லாம் 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும்.

இப்ப மொதல்ல ஒரே ஒரு வெள்ளை வரிசை, ஒரே ஒரு சிவப்பு வரிசை மட்டும் பலகைக்கு வெளியில கட்டி, ஒரு மணி நேரம் எரிய விட்டு, ரெசிஸ்டர வெரலால தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா சரி. அப்புறம் பலகை முழுக்க கட்டி முடிச்சுட்டு 18 ரெசிஸ்டர் மேலயும் வோல்ட்ட அளந்து, பலகைக்குப் பின்னாடியே ஒவ்வொண்ணு பக்கத்துலயும் பென்சில்ல எழுதி வைங்க. எங்க ரதத்து பலகைக்குப் பின்னாடி நான் எழுதுன நம்பருங்க இன்னும் இருக்கு, இப்ப கோயில் பசங்க எனக்கு போன் பண்ணாமலே அந்த நம்பர பாத்து எந்த வரிசை கெட்டுருக்குன்னு கண்டுபுடிச்சுக்கறாங்க. டிராக்டர் ஓடறப்போ இன்னொரு தடவ அளங்க, வெள்ளை 8க்குள்ளயும் சிவப்பு ஆறரைக்குள்ளயும் இருக்கணும். ஏதாவது ஒண்ணு மட்டும் அதுக்கு மேல தனியா நின்னுச்சுன்னா ரதத்துல ஏத்தறதுக்கு முன்னாடி அந்த வரிசைய எனக்கு படம் புடிச்சு அனுப்புங்க தம்பி, பாத்து சொல்றேன்.